பழைய வண்டியும் புதிய பிறப்பாக்கியும்

பழைமையைப் பேணுவோம் என்பாருள் இரு சாரார் உளர். ஒரு சாரார் பழையதில் ஓர் ஆணியையும் அசைக்க விடார். மற்றொரு சாரார் புதியதொன்றைக் கொணர்ந்து பழையதன்மேல் ஏற்றிவிட்டு, தம் கடன் முடிந்தது என்றிருப்பர். இவ்விரு சாராரும் தாம் பேண நினைத்த பொருளுக்கே கேடு செய்கின்றனர் என்பது என் கருத்து. இதனை எனக்கு உணர்த்தியது இலக்கண நூலன்று. எம் வீட்டு மொறிஸ் மைனர் கார்.

1948 தொடக்கம் 1971 வரை இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட இவ்வகைக் கார்கள் சில இன்றும் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடுகின்றன. 1990களின் எரிபொருட் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயை உண்டு எமக்கு உழைத்தவை அவை. என் தந்தையார் விட்டுச் சென்றதும் அவற்றுள் ஒன்று.

அதன் குறை இரவிலே தோன்றும். அதிலிருந்த லூக்காஸ் சீ-40 தைனமோ, விரைந்து சுழலும்போது தரக்கூடியது 22 அம்பியர். எஞ்சின் மெல்ல ஓடும்போது ஏதும் தாராது. மழையிரவில் விளக்கும் துடைப்பானும் ஒருங்கே இயங்க, சந்தியிலே சற்றுத் தரித்தால் முன்விளக்கு மங்கும். எதிரே சைக்கிளில் வருபவரைக் காணாது ஓட்டுவதைப் பழைமைப் பற்று எனல் தகுமோ?

ஆதலின், ஓல்டனேற்றர் எனப்படும் ஆடலோட்டப் பிறப்பாக்கியைப் பொருத்தத் துணிந்தேன். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் இருவாயிகளும், அளவை ஒழுங்குசெய்யும் கருவியும் அதனுள்ளேயே உள. லூக்காஸ் 17 ஏசிஆர் என்னும் வகை 36 அம்பியர் வரை தரும். மெல்ல ஓடும்போதும் பற்றரியை வறிதே விடாது. பொருத்தியவர் மின்முனைகளை மாற்றினார், கம்பியை மாற்றினாரில்லை. சில நாளில் வயரிங் உறை உருகிப் புகைந்தது. சிறிது தாமதித்திருந்தால் காரே எரிந்திருக்கும்.

நிலைமொழியோடு வருமொழி புணரும்போது, தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் நிகழ்வதை மாணவர் அறிவர். இங்கும் அம்மூன்றும் வேண்டும்.

முதலாவது திரிதல். இக்காரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. புதிய பிறப்பாக்கிக்கோ மறைமுனை உடலோடு இணைதல் வேண்டும். எனவே பற்றரி முனைகளை மாற்றி, பற்றவைக்கும் சுருளின் இரு சிறு கம்பிகளையும் இடமாற்ற வேண்டும். முனை பிழைத்தால் இருவாயிகள் நொடியில் அழியும். பழைய வானொலி இருந்தால் அதற்கும் கேடு.

இரண்டாவது கெடுதல். தைனமோவை அடக்கியாண்ட கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இனித் தொழிலில்லை. அதன் உள்ளுறுப்புகளை நீக்கி, கூட்டைக் கம்பிகள் கூடும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டால் பழைய தோற்றம் குலையாது.

மூன்றாவது தோன்றல். இதையே பலர் மறக்கின்றனர். 22 அம்பியருக்கென இட்ட கம்பி, அதுவும் அறுபது ஆண்டு கண்ட கம்பி, 36 அம்பியரைத் தாங்காது. பிறப்பாக்கியிலிருந்து பற்றரியை நோக்கி, 6 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத குறுக்குப் பரப்புடைய செப்புக் கம்பியைப் புதிதாக இடல் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லற்பாலது. முகப்பிலுள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்கை அழகுக்கு வைத்ததென எண்ணலாகாது. 2.2 உவாற்றுக் குமிழான அதனூடாகச் செல்லும் சிற்றோட்டமே பிறப்பாக்கியின் காந்தத்தை முதலில் எழுப்புகிறது. குமிழ் பழுதானால், எஞ்சின் தொடங்கியபின்னும் பிறப்பாக்கி உறங்கிக் கிடத்தல் கூடும். பெருவலிக்கும் தொடக்கம் சிறு ஒளியே.

தைனமோவை அகற்றிய அன்றே காரின் உயிர் போயிற்று என்பார்க்கு ஒன்று கூறுவேன். அத் தைனமோவுக்கு எண்ணெய் பூசித் துணியிற் சுற்றி வைத்திருக்கிறேன். என் பின்னோர் வேண்டின் மீளப் பொருத்துக. ஆனால் ஓடுவதற்கென ஆக்கிய வண்டியை ஓடாமல் நிறுத்திப் போற்றுதல் பேணல் ஆகாது.

புதியதை ஏற்பதில் எனக்குத் தடையில்லை. பாதி ஏற்பதே தீது. மொழியாயினும், பாடசாலையாயினும், பழங்காராயினும், வருவதன் வலிமையைத் தாங்குமாறு இருப்பதைத் திருத்திய பின்னரே இணைத்தல் வேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர் பழையதைத் தொடாதிருப்பதே நன்று.