குரங்கு நமக்குப் பாட்டனா, பங்காளியா?

‘மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால், இன்னும் குரங்குகள் ஏன் மரத்தில் உட்கார்ந்திருக்கின்றன?’ இவ்வாறு கேட்டுவிட்டு, டார்வின் துரையை ஒரே அடியில் வீழ்த்திவிட்ட திருப்தியுடன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொள்ளும் பெரியவர்களை நாம் அறிவோம். கேள்வி சாமர்த்தியமானதுதான், ஆனால் டார்வினை அது தொடவே இல்லை. மனிதனின் தோற்றத்தைப் பற்றி 1871-இல் அவர் வெளியிட்ட நூலிலேயே, நம் ஆதி மூதாதை இன்று உயிருடனிருக்கும் எந்தக் குரங்கையும் போன்றிருந்ததாக எண்ணிவிடலாகாது என்று எச்சரித்திருக்கிறார்.

நம் சிற்றப்பாவின் பிள்ளை ஊரில் சௌக்கியமாக இருக்கிறார். நாம் அவருக்குப் பிறந்தவர்களல்ல. இருவருக்கும் பாட்டனார் ஒருவர். நாம் பிறந்துவிட்ட காரணத்தால் அவர் மறைந்துபோக வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சிம்பன்ஸிக்கும் நமக்குமுள்ள உறவு இத்தகையதே. ஆப்பிரிக்காவில் சுமார் 60, 70 லட்சம் வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையின் சந்ததி இரு கிளைகளாகப் பிரிந்தது. பாகப்பிரிவினைக்குப் பின் இரு வீட்டாருமே மாறினார்கள். சிம்பன்ஸி அன்றிருந்தபடியே நின்றுவிட்டதென்று நினைப்பதும் பிசகு.

நம் பாஷையும் இக்குழப்பத்திற்குச் சற்றுத் துணை போகிறது. கடுவன், மந்தி, முசு என்றெல்லாம் நயமாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்த தமிழில், கோயில் மண்டபத்தில் தேங்காய் மூடியைப் பிடுங்கும் வானரத்தையும், வாலில்லாத கொரில்லாவையும் ‘குரங்கு’ என்றே சொல்லிவிடுகிறோம். கோயில் வானரம் நமக்கு மிகத் தூரத்துத் தாயாதி. அந்தக் கிளை பிரிந்து இரண்டரைக் கோடி வருஷங்களாவது ஆகியிருக்கும்.

குனிந்த குரங்கில் தொடங்கி நிமிர்ந்த மனிதனில் முடியும் வரிசைப் படத்தைப் பார்க்காதவர் இல்லை. 1965-இல் ஸாலிங்கர் என்ற சித்திரக்காரர் ஓர் அமெரிக்க நூலுக்கு வரைந்த படத்தைத் தழுவியே உலகமெங்கும் அவ்வரிசைகள் பரவின. அழகான படம், ஆனால் வம்சம் வரிசையில் நிற்பதில்லை, புதர்போல் கிளைக்கிறது. ஐரோப்பாவில் நியாண்டர்தால் மனிதர் சுமார் 40,000 வருஷங்களுக்கு முன்வரை வாழ்ந்தனர். நம் முன்னோர் அவர்களுடன் கலந்துமிருக்கிறார்கள். அவர்களுடைய மரபணுவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு தமிழர் உடலிலும் இருக்கிறது.

2018-இல் மத்தியக் கல்வி இலாகாவின் இணை அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனானதை யாரும் கண்டதாகச் சொல்லவில்லை, ஆகவே டார்வின் சொன்னது தவறு என்று பேசினார். தேசத்தின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் சேர்ந்து அதை மறுத்தன. கண்ணால் கண்ட சாட்சி இல்லாமலிருக்கலாம். ஆனால் பத்திரச் சாட்சி நம் உடலிலேயே இருக்கிறது. சிம்பன்ஸி, கொரில்லா, உராங்குட்டான் ஆகியவற்றின் உயிரணுக்களில் குரோமோஸோம் என்னும் இழைகள் 24 ஜோடி, நமக்கோ 23. பொது மூதாதை ஒன்றென்றால், ஒரு ஜோடி எங்கே போயிற்று? காணாமற் போகவில்லை, இரண்டு ஒன்றாய் ஒட்டிக்கொண்டன. இரண்டு புத்தகங்களைச் சேர்த்துத் தைத்தால், முதற் புத்தகத்தின் பின்னட்டையும் அடுத்ததன் முன்னட்டையும் நடுவில் அகப்படுமல்லவா? ஒவ்வோர் இழையின் நுனியிலும் இருக்கவேண்டிய அடையாளம், நமது இரண்டாவது குரோமோஸோமின் உட்புறத்தில் எதிரெதிராக ஒட்டிக் கிடப்பதை 1991-இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். இழைக்கு ஒன்றாக இருக்கவேண்டிய மையக் கட்டும் அதில் இரண்டு. ஒன்று வேலை செய்கிறது, மற்றது செயலற்ற தழும்பு. இதைவிடத் தெளிவான தஸ்தாவேஜு எந்தக் குடும்ப வழக்கிலும் கிடைப்பது துர்லபம்.

இத்தனையும் இருக்க, 2023-இல் வெளிவந்த மத்திய அரசின் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் பரிணாமப் பகுதியைக் காணோம். பாடச் சுமையைக் குறைப்பதற்காக நீக்கினார்களாம். 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் அது இருக்கிறதே என்று சமாதானம் சொல்லப்பட்டது. கணக்கும் வணிகமும் படிக்கப்போகும் பிள்ளை அந்தப் புத்தகத்தைத் திறக்கப் போவதில்லை. கோயில் மண்டபத்தைக் கடக்கையில் அவன் அந்தப் பழைய கேள்வியை நம்மிடந்தான் கேட்பான்.