தராசுக்குத் தெரியாதது

“ஒல்லி உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது?” பெரம்பலூர், அரியலூர் பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நானும் 46 வயது வரை அப்படித்தான் நம்பியிருந்தேன். என் எடை 65 கிலோ, உயரம் 1.7 மீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 22.5 வரும். இதுவே உடல் நிறை எண். நம்மவர்க்கு 23-ஐத் தொடாமல் இருந்தால் நல்லது என்பார்கள். எனக்கோ ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறியிருந்தன!

இக்கணக்கை 1832-ல் வகுத்த பெல்ஜிய நாட்டு அடால்ப் கெத்லே ஒரு வானியலாளர், மருத்துவர் அல்லர். மக்கள் கூட்டத்தின் சராசரியைக் காண்பதே அவர் நோக்கம். தராசுக்கு ஒரு கிலோ தசையும் ஒரு கிலோ கொழுப்பும் ஒன்றுதானே? புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் தங்களையே அளந்து, 2004-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். இருவருக்கும் எண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

கொழுப்பு தங்கும் இடமும் முக்கியம். தொடையில், தோலுக்கடியில் இருந்தால் தொல்லை குறைவு. குடலைச் சுற்றிச் சேர்ந்தால், கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலினின் வேலை தடைப்படுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு எல்லாம் கூட்டுச் சேர்ந்து இதயத் தமனிகளைக் கெடுக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுதும் நடந்த ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. அதில் எடைக் கணக்குப்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், இடுப்பை அளந்தபோதோ 39.5 சதவீதம்.

அப்படியிருக்க, பள்ளி மருத்துவப் பரிசோதனையில் உயரம், எடையோடு இடுப்பளவையும் ஏன் குறிக்கக் கூடாது? கூச்சம் என்றால் மாணவரே மறைவில் அளந்து சொல்லட்டும். குண்டுப் பையனைக் கேலி செய்யும் நம் வகுப்புகளில், ஒல்லிப் பையனின் வயிற்றை யாரும் கவனிப்பதில்லை.

அளவு நாடாகூட வேண்டாம், மாணவர்களே. உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை எடுத்துச் சரிபாதியாக வெட்டுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே, வயிற்றை உள்ளிழுக்காமல், ஒரு பாதியைச் சுற்றுங்கள். முனைகள் தாராளமாகச் சந்தித்தால் சரி. சந்திக்காவிட்டால் பட்டினி கிடக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மாலையில் மக்காச்சோளக் காட்டிலிருந்தோ சிமெண்ட் ஆலையிலிருந்தோ திரும்பும் அப்பாவுக்கும், அம்மாவுக்கும் தனித்தனி நூல் எடுத்துச் சுற்றிப் பாருங்கள்.

எனக்கு நூல் நான்கு விரற்கடை எட்டவில்லை.