‘வா’ என்ற சொல்

நாயின் வாலை நிமிர்த்த முடியாது என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. அதனை மறுக்க நான் முன்வரவில்லை. ஆனால், வாலை அதன் போக்கில் விட்டுவிட்டு நாயைப் பழக்கலாம் என்பதையும், அதற்கு முன்னர் வீட்டுக்காரர் தாம் பழக வேண்டும் என்பதையும் சொந்த அநுபவத்தைக் கொண்டே இவ்வாரம் நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில், பாடசாலை விட்டு வந்த என் இளைய மகனின் பின்னால் ஒரு நாயும் வந்து படலையடியில் நின்றது. ஒரு வயது இருக்கலாம். எலும்பும் தோலுமான உடல். ஒரு காது மடிந்திருந்தது. “அப்பா, இது எங்களோடு இருக்கட்டுமே” என்றான் மகன். நான் விடை கூறுமுன்பே அவன் தாயார் விறாந்தை மூலையிற் சாக்கொன்றை விரித்துவிட்டார். மணி என்று பெயரும் இட்டாயிற்று. மறுநாளே மிருக வைத்தியரிடம் கொண்டு சென்று, விசர்நோய்த் தடுப்பூசி போடுவித்தோம். தெருவிலிருந்து வந்த நாய்க்கு நாம் செய்ய வேண்டிய முதற் கடமை இதுவே. நாய் எவரையேனும் கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தேன்.

இவ்வளவு அறிந்திருந்த நான், ஐந்தாம் நாள் ஓர் அறிவீனம் செய்தேன். என் புதுச் செருப்பில் ஒன்று முற்றத்தில் நார்நாராகக் கிடந்தது. “மணி, வா!” என்று அழைத்தேன். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. வந்ததும் விளக்குமாற்றால் இரண்டு அடி கொடுத்தேன். செருப்பைக் கடித்ததற்குத் தண்டனை வழங்கியதாக என் எண்ணம். அழைத்தவுடன் வந்ததற்குக் கிடைத்த கூலி அது என்பதே நாய் கற்ற பாடம். பார்த்துக்கொண்டு நின்ற மகன், “அப்பா, நீங்கள் கூப்பிட்டால் இனி அது வராது” என்றான். சிறுபிள்ளையின் பேச்சென்று விட்டுவிட்டேன்.

அடுத்த கிழமை, திறந்திருந்த படலையால் மணி தெருவுக்கு ஓடியது. பஸ் வண்டியொன்று வந்துகொண்டிருந்தது. “மணி, வா! வா!” என்று கத்தினேன். அது நின்றது, என்னைத் திரும்பிப் பார்த்தது, பின்பு என்னை விட்டு விலகி நடுத்தெருவுக்கே பாய்ந்தது. சாரதியின் திறமையினால் உயிர் தப்பியது. அன்றிரவு மகன் என்னுடன் பேசவில்லை.

ருஷ்ய அறிஞர் பவ்லோவ் நாய்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியை மாணவர்கள் படித்திருப்பர். உணவுக்கு முன்னர் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பின்னர் அவ்வொலி கேட்ட மாத்திரத்தே வாய் ஊறியது. என் வீட்டிலும் அதே விதிதான் நடந்தது. ஒலி ‘வா’, தொடர்ந்து வந்தது விளக்குமாறு.

“அது தன் குற்றத்தை அறிந்துதானே தலையைத் தொங்கப் போடுகிறது?” என்று சிலர் கேட்பர். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில் இதனைச் சோதித்தார். தவறு செய்த நாய்க்கும் செய்யாத நாய்க்கும் அந்த முகத்தில் வேறுபாடு காணப்படவில்லை. வளர்ப்பவர் கடிந்துகொண்டபோதே அது மிகுதியாகத் தோன்றியது. ஆகவே, நாம் குற்றவுணர்ச்சி என்று கொள்வது, நம் கோபத்தைக் கண்டு நாய் அடங்கும் அடக்கமேயாகும். முன்பு நடந்ததற்குப் பின்பு அடிப்பதால் அது அச்சத்தை அன்றி வேறெதனையும் கற்பதில்லை.

கெட்டுப்போன சொல்லைத் திருத்துவதினும் புதுச் சொல் ஒன்றைத் தொடங்குவது எளிது. நாங்கள் ‘இந்தா’ என்பதைத் தெரிந்தெடுத்தோம். வீட்டார் அனைவரும் கூடி மூன்று விதிகளை வகுத்தோம். மணியை நோக்கி ‘இந்தா’ என்றவர் வெறுங்கையராய் இருத்தலாகாது. உப்பிடாது அவித்து முள் நீக்கிய மீனில் ஒரு சிறு துண்டு, அது வந்த அக்கணமே கொடுக்க வேண்டும். குளிப்பாட்டவோ, கட்டிவைக்கவோ, ஏசவோ அச்சொல்லால் அழைத்தலாகாது. அதற்கு நாமே அதனிடம் செல்ல வேண்டும். எல்லோரும் அதே சொல்லையே வழங்க வேண்டும்.

முதலில் இரண்டடி தூரத்திலிருந்து அழைத்தோம். பின்பு விறாந்தையின் மறுகோடியிலிருந்து. பின்பு நீண்ட கயிற்றில் கட்டி வளவின் எல்லையிலிருந்து. ஒரு முறைக்கு ஐந்து நிமிடமே. நாய் சலிக்குமுன் நிறுத்திவிடுவோம். செருப்புகளை உயரத்தில் வைக்க நாங்களும் பழகினோம். என் மனைவி தேநீரை நீட்டி “இந்தாருங்கோ” என்றபோது எனக்கு முன்னர் மணி வந்து நின்றதும் உண்டு. அதற்கும் ஒரு துண்டு கொடுத்தோம். சொன்ன சொல் சொன்னதுதானே!

சில மாதங்கள் சென்றன. மீன்காரரின் சைக்கிளைத் துரத்திக்கொண்டு மணி மீண்டும் தெருவுக்கு ஓடியது. “மணி, இந்தா!” என்றான் மகன். அது திரும்பி, காது பறக்க ஓடி வந்து அவன் காலடியில் நின்றது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நாயொன்றை வீட்டுக்குக் கொண்டுவர எண்ணும் குடும்பத்தினர், அது வருமுன்பே ஒன்றாயிருந்து அதற்குரிய சொற்களைத் தீர்மானித்துக் கொள்ளுங்கள். சொல்லைக் கொடுப்பது எளிது, காப்பதே அரிது. மறந்துபோய் நான் ‘வா’ என்று அழைத்தால், மணி இன்றும் உடனே வருவதில்லை. சற்று நின்று, முதலில் என் கையைப் பார்க்கின்றது.