ஈமக்கடனும் வட்டிக்கடனும்

சைவ அன்பர் அவையொன்றில் அண்மையிற் பேசிய நண்பரொருவர், "இறந்தார் வீட்டிற் பணக்கணக்குப் பேசுதல் நம் மரபன்று, பெற்றோர்க்குச் செய்யுங் கடைசிக் கடனில் விலை கேட்பவன் புதல்வனல்லன், வணிகனே" என்று முழங்கினர். கேட்டோர் பலரும் கைகொட்டினர். யாம் வாளாவிருந்தேம். அவர் கல்வியினும் ஒழுக்கத்தினுஞ் சிறந்தவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் தம் கூற்று எத்துணைக் குடும்பங்களை அடகுக்கடை வாயிலிற் கொண்டு நிறுத்துமென அவர் எண்ணிப் பார்த்தாரல்லர். ஆகலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் எம் குற்றத்தை யாமே கூறிவிடுதல் நன்று. ஈராண்டுகட்கு முன் எம் தங்கையின் கணவர் சென்னையிலுள்ள தனியார் மருத்துவமனையொன்றில் நள்ளிரவிற் சிவபதமடைந்தனர். பிணவறை வாயிலிலேயே ஒருவர் வந்து நின்றார். "ஐயா, ஒன்றுங் கவலைப்படாதீர்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். இருபத்தாறு வயதினனாகிய எம் மருகன் எம்மை நோக்கினான். தாய்மாமனாகிய யாம் "எவ்வளவு ஆகும்?" என்று ஒரு சொற் கேட்டிருத்தல் வேண்டும். கேட்டிலேம். இழவு நேரத்தில் விலை பேசுதல் இழிவென்னும் அந்நண்பர் கொள்கையே அன்று எம் நாவையும் கட்டியது. பதினாறாம் நாட் கழிந்தபின், ஒரே தொகை எழுதிய துண்டுத்தாள் வந்தது: ரூபாய் 82,600. மருகன் தன் மனையாளின் வளையல் இரண்டை அடகு வைத்தான். எம் நாணத்துக்கு விலை அவ்வளையல்கள்.

பின்னர், வெட்கத்தை விட்டு, எவ்வெப்பணிக்கு எவ்வளவு என்று எழுதித் தருமாறு கேட்டேம். மும்முறை அலைந்தபின் பெற்ற தாளிற் பிரீசர் பெட்டி, அமரர் ஊர்தி, பந்தல், நாற்காலி, பூ, குருக்கள் தட்சிணை எனப் பல இருந்தன. இவை நிற்க. "மயானக் கட்டணம்" என்று ரூபாய் 6,500 கண்டேம். சென்னை மாநகராட்சி மயானங்களில் எரித்தற்குக் கட்டணமில்லை. எம் மைத்துனரை எரித்ததும் அத்தகைய மயானத்திலேயாம். "இறப்புச் சான்று" என்று ரூபாய் 3,000 கண்டேம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, இறப்பை 21 நாளுக்குள் அறிவித்தாற் பதிவுக்குக் கட்டணமில்லை. அறிவித்தவர்க்கு முதற் சான்றும் இலவசமே. எல்லாவற்றின் அடியிலும், 70,000 ரூபாய்க்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு, ரூபாய் 12,600 என்று எழுதியிருந்தது!

இவ்வரியைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். கற்றாரும் இதில் ஏமாறுகின்றனர். 2017-ஆம் ஆண்டு மத்திய சரக்கு சேவை வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ஈமச்சடங்கு, புதைத்தல், சுடலை, பிணவறை ஆகிய பணிகளையும், இறந்தார் உடலை ஏற்றிச் செல்லுதலையும் வரிக்குப் புறம்பாக வைத்துளது. 2022-ல் ஈமச்சடங்கிற்கு 18 விழுக்காடு வரி வந்துவிட்டதென நாடெங்கும் ஒரு பேச்சுப் பரவியது. அது மயானங் கட்டும் ஒப்பந்த வேலைக்கு உரியதேயன்றிச் சடங்கிற்கு உரியதன்றென நிதியமைச்சர் நாடாளுமன்றத்திற் தெளிவுறுத்தினர். பேச்சைக் கேட்டவர் பலர். மறுப்பைக் கேட்டவர் சிலர். அவ்விடைவெளியிலே தான் 12,600 ரூபாய் மறைந்தது.

இனி, மரபென்பதற்கு வருவாம். விலை கேளாமையே மரபாயின், அரிச்சந்திரன் கதையை நம் முன்னோர் தெருக்கூத்தில் விடியவிடிய ஆடிக் காட்டியது என்னை? மகன் உடலைச் சுமந்து வந்த சந்திரமதியிடம் காவலன் கேட்டவை கால்பணமும், முழத்துண்டும், வாய்க்கரிசியும். முன்னிரண்டும் ஆண்டையாகிய வீரவாகுவுக்கு உரியன; வாய்க்கரிசி காவலனுக்குரிய கூலி. எது யாருக்கு, எவ்வளவு என்பது தொடக்கத்திலேயே உரைக்கப்பட்டது. தன் மனைவியென்று அறிந்தபின்னும் அவன் அதனைக் குறைத்தானல்லன். அறியாத காலத்து அழுதுநின்ற அநாதையென்று கூட்டினானுமல்லன். வாய்மைக்கு இலக்கணமாக வைத்த கதையில், சுடலை வாயிலில் விலை மறைவின்றிச் சொல்லப்படுகின்றது. சொல்லாது எரித்துவிட்டு மறுபக்கத்தில் துண்டுத்தாள் நீட்டுவோன் அரிச்சந்திரன் மரபினன் ஆகான்.

அந்நண்பர் கூறியதிற் பாதி உண்மையுண்டு. அரை நூற்றாண்டுக்கு முன் எம் சிற்றூரிற் புதல்வன் விலை கேட்டதில்லை. அவன் கேளாமைக்கு ஏது, அவனுக்காகப் பிறர் கேட்டமையே. விறகு எத்தனை எடை, மூங்கிலுங் கீற்றும் யார் தோப்பினின்று, நாவிதர்க்கும் வண்ணார்க்கும் பறையறைவோர்க்கும் எவ்வளவு என்பவற்றையெல்லாம் தெருவிலுள்ள முதியோரொருவர் திண்ணையிலிருந்து தீர்த்துவைப்பர். பிள்ளை கொள்ளிக்குடஞ் சுமந்தான். கணக்கைப் பங்காளி சுமந்தான். இன்று மூன்றாம் மாடியிற் பங்காளியுமில்லை, திண்ணையுமில்லை. கேட்போன் போய்விட்டான், கேளாமை மட்டும் "மரபு" என்னும் பெயரோடு எஞ்சி நிற்கின்றது. மரபைக் காக்க விரும்புவோர் அதன் இரு கையையுங் காத்தல் வேண்டுமன்றோ?

"செலவு மிகுந்தாற் சிறப்பு மிகும்" என்பார் வேறு சிலர். சித்தாந்த நூலோதினார் இங்ஙனங் கூறுதல் வியப்பே. பருவுடல் மாயையின் காரியம். உயிர் நுண்ணுடலோடு தன் வினைவழிச் செல்வது. கண்ணாடிப் பெட்டியின் நாள்வாடகை அவ்வுயிர்க்கு எவ்வாற்றாற் சென்று சேரும்? அந்தியேட்டிக்கு வேண்டுவன நீரும், எள்ளும், தருப்பையும், அரிசியும், நெய்யும், சுண்ணம் இடிக்க உரலும் உலக்கையும், திருப்பொற்சுண்ணம் பாடுதற்கு நாலு குரலுமே. இவற்றில் விலையேறியது ஒன்றுமில்லை. பட்டினத்தடிகள் துறவுக்கு முன் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். தம் அன்னையாரைப் பச்சை வாழைமட்டையில் இட்டுப் பாடி எரித்தனர் என்பது சைவவுலகம் அறிந்த வரலாறு. அவ்வன்னைக்குச் சிறப்புக் குறைந்ததென்று சொல்வார் உண்டோ?

தட்சிணை பற்றியும் ஒரு சொல். இதனால் எம்மோடு சினங்கொள்வார் இவ்விதழ் படிப்போருள்ளும் இருப்பர், இருப்பினுங் கூறுவேம். தட்சிணையென்பது கொடுப்போன் ஆற்றலளவினது. விலையென்பது கொள்வோன் குறித்தது. தட்சிணையாயிற் கொடுத்ததை மகிழ்ந்து ஏற்றல் வேண்டும். விலையாயின் முன்னரே சொல்லுதல் வேண்டும். சடங்கு தொடங்குமுன் "உங்கள் விருப்பம்" என்றும், முடிந்தபின் "இது போதாது" என்றும் உரைத்தல் இரண்டிலும் அடங்காது. எம் ஆதீனப் பாடசாலையில் எமக்குக் கிரியை நூல் கற்பித்த ஆசிரியர், இழவு வீட்டிற் பெற்ற தட்டைத் திறந்து பாராமலே வீடு செல்வர்.

விலை கேட்க வேண்டுமென்று யாம் கூறுதலை வேறொரு தீமைக்குக் கருவியாக்கிக்கொள்ளற்க. தரகர் கேட்ட எண்பதினாயிரத்தை வாய்பேசாது கொடுத்துவிட்டு, வெயிலில் நின்று எரியூட்டும் மயானத் தொழிலாளியிடம் இருநூறு ரூபாய்க்கு வழக்காடும் பெரியமனிதரைக் கண்ணாரக் கண்டுளேம். கேள்வி மேலிருந்து தொடங்குதல் வேண்டும்.

கடல்கடந்து வாழும் நம் அன்பர்கள் இவ்வகையில் நம்மினும் நற்பேறு உடையர். உடையராயிருந்தும் பலர் அதனை அறியார். அமெரிக்க நாட்டில் ஈமச்சடங்கு வணிகத்தின் சூதுகளை ஜெசிகா மிட்ஃபோர்டு என்னும் அம்மையார் 1963-ல் ஒரு நூலால் வெளிப்படுத்தினர். கூட்டாட்சி வணிக ஆணையத்தின் ஈமச்சடங்கு விதி 1984-ல் நடைமுறைக்கு வந்தது. நேரிற் சென்று கேட்போர்க்குப் பணிதோறும் விலை எழுதிய பட்டியலைக் கையிற் கொடுத்தல் வேண்டும். தொலைபேசியிற் கேட்பினும் விலை சொல்லல் வேண்டும். வேண்டாத பணியை வேண்டியதனோடு பிணைத்து விற்றலாகாது. பேழையை வேறிடத்து வாங்கி வரினும் அதற்கெனத் தனிக் கட்டணங் கொள்ளலாகாது. சடங்கின்றி நேரே எரிப்பதற்குப் பேழை வாங்கியே தீரவேண்டுமென்று உரைத்தலும் அவ்விதிக்கு மாறு; எளிய அட்டைப்பெட்டியே அமையும். உடலை மருந்தேற்றிப் பதப்படுத்தல் எல்லார்க்குஞ் சட்டக் கட்டாயம் எனப் பொய்யுரைத்தலுங் குற்றமே. எரிக்கும் வழக்கினராகிய நாம் அங்கே பளபளக்கும் மரப்பேழைக்குப் பல்லாயிரம் டாலர் கொடுத்துத் தீக்கிரையாக்குதல் என்ன அறியாமை! பிரிட்டனிலும் 2021-ஆம் ஆண்டின் ஆணையொன்றால் ஈமப்பணியாளர் தம் விலைப்பட்டியலை நிலையத்திலும் இணையதளத்திலும் வெளியிடுதல் கட்டாயமாயிற்று.

நம் நாட்டில் ஈமப்பணிக்கென அத்தகைய தனிவிதியில்லை. அதுபற்றிக் கைகட்டி நிற்க வேண்டுவதுமில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பணங்கொடுத்துப் பெறும் பணியின் தரத்தையும் விலையையும் அறிதலை நுகர்வோர் உரிமையென வகுத்துளது. பணிக்கு ரசீது தர மறுத்தலை முறையற்ற வணிகமென அச்சட்டமே கூறுகின்றது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் மாவட்ட ஆணையத்தில் முறையீட்டுக் கட்டணமில்லை. ஈராண்டுக்குள் முறையிடல் வேண்டும். முதலில் 1915 என்னும் எண்ணில் வினவலாம். அரசு மருத்துவமனையில் இறந்தாரை வீடு சேர்க்கத் தமிழ்நாட்டில் இலவச அமரர் ஊர்தியுண்டு. அதன் எண் 155377. மருத்துவமனைக் கட்டண வழக்கைக் காட்டி உடலைத் தர மறுத்தலாகாது என்பதும், தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்திற் கண்டது.

"துக்கத்திலிருப்போன் சட்டப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவனோ?" என்று நண்பர் வினவக்கூடும். திரியான்; திரியவும் வேண்டா. மருகன் கேட்கவேண்டியதை யாம் கேட்டிருத்தல் வேண்டும் என்பதன்றோ எம் வழக்கு? தாய்மாமன், பங்காளி, அண்டைவீட்டார், சபையின் செயலாளர் இவருள் ஒருவர் தாளும் எழுதுகோலுங் கொண்டு தரகர் எதிரே அமர்தல் போதும். "பெட்டிக்கு எவ்வளவு? எத்தனை நாளைக்கு? வண்டிக்குத் தூரக்கணக்கா, முழுத்தொகையா? இதில் வரியென்று ஏதேனும் உண்டா? எழுதிக் கையொப்பமிடுக" என்பனவற்றைக் கேட்கக் கால்நாழிகை ஆகாது.

மைத்துனர் தாளை யாம் திருப்பிக் காட்டி வரியும் மயானக் கட்டணமுஞ் சான்றுத்தொகையும் கேட்டபொழுது, அவ்வணிகர் சிறிது நேரம் வாதாடி, வரித்தொகையை மட்டுந் திருப்பித் தந்தனர். எஞ்சியதற்கு முறையீடு எழுதியுளேம். ஒரு வளையல் மீண்டது.

இவ்வாண்டு எம் ஊர்ச் சைவசபையில் அன்பர் மூவர் சேர்ந்து, சுற்றுவட்டாரத்து ஈமப்பணியாளர் அனைவரிடமும் பணிதோறும் விலை கேட்டு ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினேம். நால்வர் மகிழ்ந்து சொன்னார்கள். அவருள் ஒருவர், "இதுவரை எவரும் எம்மை முன்னதாகக் கேட்டதேயில்லை" என்றார். இருவர் சொல்ல மறுத்தனர். அவ்விருவர் பெயரெதிரே வெறுங்கோடு இட்டு, பட்டியலைச் சபை வாயிலில் ஒட்டியுளேம். கைகொட்டிய நண்பர்கள் அவ்வழியே செல்லுங்கால் ஒருமுறை நின்று பார்ப்பாராக.