பொருத்தம் பார்க்க ஆள் வேண்டும்

தமிழில் தேடினால் சரியாகக் கிடைப்பதில்லை என்று நண்பர்கள் குறைப்படும்போதெல்லாம், "இன்னும் நல்ல மென்பொருள் வரணும் சார்" என்று யாராவது ஒருவர் பேச்சை முடித்துவைப்பார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மென்பொருள் வந்துகொண்டுதான் இருக்கிறது. நம்மிடம் பற்றாக்குறையாக இருப்பது வேறொன்று. ஒரு கேள்வியையும் ஒரு கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, "இது இதற்குப் பதில், அது இல்லை" என்று மனிதர்கள் குறித்துவைத்த தொகுப்பு. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்குப் புரிகிற உதாரணமே எடுத்துக்கொள்வோம். மகள் வீட்டுக்கு வெளிநாடு போயிருக்கும் ஓய்வூதியர் ஒருவர் "ஆயுள் சான்று வெளிநாட்டிலிருந்து கொடுப்பது எப்படி" என்று தேடுகிறார். சொல்லை மட்டும் பார்க்கும் இயந்திரத்துக்கு ஆயுள் காப்பீடும் உறவு, ஆயுள் தண்டனையும் உறவு! அவருக்கு வேண்டிய பக்கத்திலோ "வாழ்நாள் சான்றிதழ்" என்றோ, "ஜீவன் பிரமாண்" என்றோ, வெறுமனே "நேர்காணல்" என்றோ எழுதியிருக்கலாம். சொல் ஒத்தும் பொருள் ஒட்டவில்லை, பொருள் ஒட்டியும் சொல் ஒக்கவில்லை. பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த கல்யாணங்கள் சிலவற்றை நாம் பார்த்ததில்லையா, அந்த மாதிரி.

இந்தப் பொருத்தத்தை முதன்முதலில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர் ஒரு நூலகர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு விமானவியல் கல்லூரியின் நூலகராக இருந்த சிரில் கிளெவர்டன். 1950களின் இறுதியில் விமானவியல் கட்டுரைகள் 18,000 எடுத்து, நான்கு வெவ்வேறு முறைகளில் அட்டவணைப்படுத்தி, கேள்விகளைக் கொடுத்து எது தேடித் தருகிறது என்று பார்த்தார். நான்கில் ஒன்று, ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பிரித்துச் சேர்க்கும் முறை. அந்தச் சிந்தனைக்கு வித்திட்டவர் நம் சீர்காழி ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டவர். எங்களுக்கெல்லாம் அவர்தான் குலதெய்வம். சோதனை முடிவில் அந்த வழியில் வந்த முறை கடைசியில் நின்றது. கட்டுரையிலிருந்து தனித்தனிச் சொற்களை எடுத்துப் போட்ட மிகச் சாதாரணமான முறை முதலில் வந்தது. வித்தியாசம் பெரிதில்லை என்றாலும் நூலகர்களுக்கு அது கசந்தது.

சோதனையில் ஓட்டை இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். ஓட்டை இருக்கத்தான் செய்தது. தொகுப்பில் உள்ள ஒரு கட்டுரையைப் பார்த்துக் கேள்வியை உண்டாக்கிவிட்டு, அதே கட்டுரை திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்திருந்தார்கள். விடையைப் பார்த்துக் கேள்வித்தாள் தயாரித்த கதை. கிளெவர்டன் மறுபடி செய்தார். இந்த முறை 1,400 கட்டுரைகள்தான். ஆனால் ஆராய்ச்சியாளர்களுக்கே கடிதம் எழுதி, "உங்கள் ஆய்வுக்குக் காரணமான கேள்வி என்ன?" என்று கேட்டு வாங்கினார். மாணவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்விக்கும் கட்டுரைகளைச் சலிக்கச் செய்தார். தேறியவற்றைக் கேள்வி கேட்டவருக்கே அனுப்பி, "இது உங்களுக்குப் பயன்பட்டிருக்குமா?" என்று தீர்ப்பு வாங்கினார். 33 விதமான அட்டவணை மொழிகளை ஒப்பிட்டதில், மறுபடியும் தனிச்சொற்கள்தான் வென்றன. அதிலும் முதலிடம், ஒரே சொல்லின் வெவ்வேறு வடிவங்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்த முறைக்கு.

இதற்குப் பிறகு வந்ததெல்லாம் கணக்கு. கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் சொன்னது பெரிய விஷயம்: எல்லாக் கட்டுரையிலும் வருகிற சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அபூர்வமாக வருகிற சொல்லுக்கு மதிப்பு அதிகம். விமானவியல் நூலகத்தில் "விமானம்" என்று தேடி என்ன பயன்? ஆனால் அந்தக் கணக்கு சரியா என்று பார்க்கவும், கிரான்ஃபீல்டில் மனிதர்கள் படித்துக் குறித்தது போன்ற தொகுப்புகள்தான் உரைகல்லாக இருந்தன.

தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் சொல்வடிவங்களைச் சேர்ப்பது சில விகுதிகளை வெட்டுகிற வேலை. நமக்கோ "பல்" என்று தேடினால் "பற்கள்", "பல்லில்", "பல்வலி" எல்லாம் வர வேண்டும், "பல்லி" வரக்கூடாது. "நெல்" என்றால் "நெற்பயிர்" வர வேண்டும். இதை ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் செய்யலாம். எது மேல் என்று எதைக் கொண்டு சொல்வது? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் முன்னின்று "மிராக்கிள்" என்ற தொகுப்பைச் செய்திருக்கிறார்கள். 18 மொழிகள், அந்தந்த மொழிக்காரர்களே படித்துச் சொன்ன 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தீர்ப்புகள். இந்தி இருக்கிறது, வங்காளம் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது. தமிழ் இல்லை. மாநாட்டுப் பந்தலில் செம்மொழி என்று முழங்குகிறவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நம் நாட்டில் 2008 முதல் "ஃபயர்" என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கான முயற்சி நடக்கிறது, தமிழும் அதில் இடம்பெற்றதுண்டு. அது போதாது.

மக்கள் எதைச் சொடுக்குகிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடுமே, எதற்கு ஆள் வைத்துப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சொடுக்கினது தெரியும், ஏமாந்தது தெரியுமா? தலைப்பைப் பார்த்து உள்ளே போய், ஒன்றுமில்லை என்று சலித்து வெளியே வருவது நமக்குத் தினசரி வழக்கம். கடைக்குள் நுழைந்தவர் எல்லாம் புடவை வாங்கினார் என்று கணக்கெழுத முடியுமா?

அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய "டிரெக்" என்ற ஆண்டுச் சோதனையில் எல்லாவற்றையும் படிக்க முடியாது என்பதால் ஒரு வழி செய்தார்கள். கலந்துகொண்ட ஒவ்வொரு தேடல் முறையும் முதலில் தந்த ஆவணங்களை ஒரே குவியலாகச் சேர்த்து, அதை மட்டும் ஆட்கள் படித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த ஆட்களில் பலர் தகவல் பகுப்பாய்வு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்!

நம்மிடம் அதற்கா பஞ்சம்? தமிழாசிரியர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், செவிலியர்கள், வேளாண் அலுவலர்கள் என்று எத்தனை பேர் காலை நடை முடிந்து பேப்பர் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். கேள்விகளும் நம்முடையதாகவே இருக்கட்டும், மொழிபெயர்த்து வாங்க வேண்டாம். கத்தரிப்பூ ஏன் உதிர்கிறது, கூட்டுப்பட்டாவை எப்படிப் பிரிப்பது, சர்க்கரைக்காரர் வரகு சாப்பிடலாமா. ஒரு பல்கலைக்கழகமோ அரசுத் துறையோ கூட்டிவைத்தால் போதும். 500 கேள்வி, கேள்விக்கு 50 கட்டுரை என்றால் 25,000 தீர்ப்பு. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாம் இருவர் ஒத்துப்போவது அரிது. ஆக 50,000. நூறு பேர் சேர்ந்தால் தலைக்கு 500. ஒரு நாளைக்கு இருபது வீதம் படித்தால் இருபத்தைந்து நாள்.