வாப்பாவின் மயக்கமும் ஒரு சிறு கருவியும்

தொழுகையில் நிற்கும்போதே தலை சுற்றிச் சாய்ந்துவிடும் பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம். சற்று நேரத்தில் எழுந்து அமர்கிறார். "வயதாகிவிட்டது, பலவீனம்" என்று கூறி வீட்டிற்கு அனுப்பிவிடுகிறோம். சில வேளைகளில் அது வெறும் பலவீனமன்று; இதயத்தின் மின்தூண்டலில் ஏற்பட்ட தடையாகும்.

இதயம் துடிப்பதற்கு மூளையின் கட்டளை தேவையில்லை. அதன் வலது மேலறைச் சுவரில் சைனஸ் கணு என்னும் சிறு திசு உள்ளது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் ஆகிய இருவரும் 1907இல் இதனை விவரித்தனர். ஓய்வில் இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை இக்கணுவே மின்தூண்டலை எழுப்புகிறது. நரம்புகள் அதனை விரைவுபடுத்தவோ தணிக்கவோ மட்டுமே செய்கின்றன. மேலறைகளில் பரவும் அத்தூண்டல், கீழறைகளுக்குச் செல்லுமுன் மற்றொரு கணுவில் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கிறது. மேலறைகள் தம் இரத்தத்தைக் கீழே இறக்கி முடிப்பதற்கான அவகாசம் அது. இத்தாமதத்தை எண்ணும்போதெல்லாம் நம் நா தானாகவே சுப்ஹானல்லாஹ் என்கிறது.

முதுமையில் இக்கணுவோ தூண்டல் செல்லும் பாதையோ பழுதடையலாம். அப்போது நாடி 40க்கும் கீழே இறங்கக்கூடும். மூளைக்கு இரத்தம் குறைந்து மயக்கம் வரும். ஈசிஜி எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். விட்டுவிட்டு வரும் கோளாறாயின் ஒரு நாள் முழுவதும் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

மருத்துவர் பேஸ்மேக்கர் என்றதும் நம் குடும்பங்களில் தயக்கம் தொடங்குகிறது. "அல்லாஹ் நாடியது நடக்கும், இந்த வயதில் கத்தி எதற்கு?" என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. 1958இல் சுவீடனில் இக்கருவியை உடலுக்குள் முதன்முதலாகப் பெற்ற ஆர்னே லார்சன், அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2001இல் மறைந்தார்.

ரூஹ் பிரியும் வேளையில் கருவி அதனைத் தடுக்குமோ என்று அஞ்சுவோரும் உண்டு. தடுக்காது. இதயத் தசை உயிரிழந்தபின் எத்தூண்டலுக்கும் அது சுருங்குவதில்லை.

கருவி தோளெலும்பருகே தோலுக்கடியில் வைக்கப்படுவதால், புண் ஆறியபின் உளூவுக்கோ குளிப்புக்கோ இடையூறில்லை. முதல் சில வாரங்கள் அப்பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்பர். வாப்பா தக்பீர் கட்டும்போது அதனை நினைவூட்டுவது வீட்டிலிருப்போர் பொறுப்பு, அவர் மறந்துவிடுவார்.