புல் நிக்குது, சரி. எந்த வருஷத்துப் புல்?

ஸ்க்ரோல் பண்ணும்போது அந்த வீடியோ உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். ஒரு மாடல் ரயில் லேஅவுட். பழுப்பு மண் மேல வெள்ளைப் பசை தடவியிருக்கு. ஒருத்தர் டீ வடிகட்டி மாதிரி எதையோ பிடிச்சு அதுக்கு மேல மெதுவா ஆட்டுறார். பச்சைத் தூள் உதிருது. உதிர்ந்த தூள் படுக்காம, மயிர்க்கூச்செறிஞ்ச மாதிரி ஒவ்வொண்ணா எழுந்து நிக்குது. இருபது செகண்ட்ல புல்வெளி ரெடி. பார்க்கிற எல்லாருக்கும் வாயில வர்றது ஒரே வார்த்தை: ‘செம ரியலிஸ்டிக்!’

அந்த வார்த்தையோடதான் எனக்குச் சண்டை. நிக்குறதை ஒத்துக்கறேன். ஆனா நிக்குறதெல்லாம் புல்லா? கோல்ஃப் மைதானமும் நிக்குது, வாசல்ல போடுற பச்சை மேட்டும் நிக்குது. மெஷின் செய்ற வேலை ரொம்பச் சின்னது. மிச்ச வேலையைக் கண்ணு செய்யணும், கொஞ்சம் வரலாறும் செய்யணும். அதைச் செய்யாத லேஅவுட் எவ்வளவு காஸ்ட்லியா இருந்தாலும் கார்ப்பெட் போட்ட மேஜைதான்.

முதல்ல மெஷினுக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துடுவோம், ஏன்னா நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும். இதுக்குப் பேரு ஸ்டேட்டிக் கிராஸ். புல்லா உதிர்றது நைலான் இழை, 2 மில்லிமீட்டர், 4, 6, 12-னு வெவ்வேறு நீளத்துல வெட்டினது. கருவியோட சல்லடை ஒரு முனை. இன்னொரு முனை ஒரு வயர். அதை ஈரப் பசையில குத்தின ஆணியில மாட்டணும். நடுவுல பல ஆயிரம் வோல்ட் டிசி. கரண்ட் மட்டும் மிக மிகக் குறைவு. சல்லடையைத் தொடுற இழை சார்ஜ் ஆகுது, மின்புலக் கோடு போற திசையில தன்னைத் திருப்பிக்குது, பசையை நோக்கி அம்பு மாதிரிப் பாயுது, குத்தி நிக்குது. நைலான் மின்சாரம் கடத்தாதேன்னு நீங்க கேட்டா நல்ல கேள்வி. அதுக்காகத்தான் இழை மேல லேசா கடத்துற மாதிரி ஒரு பூச்சு கொடுத்து விக்கிறாங்க.

கணக்கும் எளிசு. 15,000 வோல்ட், சல்லடைக்கும் பசைக்கும் 2 சென்டிமீட்டர் இடைவெளின்னா, ஒரு சென்டிமீட்டருக்கு 7,500 வோல்ட். காத்து உடையறது ஏறக்குறைய 30,000-ல. அதனால சல்லடையை அரை சென்டிமீட்டர் வரைக்கும் இறக்கினா ‘டப்’புன்னு பொறி. ரொம்ப தூக்கினா புலம் பலவீனமாகி இழையெல்லாம் சாஞ்சு விழும். முதல் வருஷத்துல மனப்பாடம் பண்ணின அந்த E = V/d இங்கே கையில தட்டுப்படும்.

இதே வித்தைதான் கார் ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்குற ரப்பர் பள்ளத்துல ஒட்டியிருக்கிற மென்மையான பூனைமுடிக்கும். ஒர்க்‌ஷாப்ல நாம தேய்க்கிற உப்புத்தாள் பலதுலயும் மணல் துகள் கூர்முனை மேல பார்க்க நிக்கிறது இப்படி ஒரு மின்புலத்தாலதான். பொம்மை ரயில்காரங்க இதைக் கண்டுபிடிக்கலை, தொழிற்சாலையிலிருந்து கடன் வாங்கினாங்க. ஜெர்மனியில நோக் கம்பெனியோட கிராஸ்மாஸ்டர் மாதிரிக் கருவிகள் வீட்டு மேஜைக்கு அதைக் கொண்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி பிரிட்டன்ல சாயம் போட்ட மரத்தூள், காயத்துக்குக் கட்டுற லின்ட் துணி, பிளம்பர் உபயோகிக்கிற சணல்னு எதை வெச்செல்லாமோ புல் செஞ்சாங்க.

இங்கேயே ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா உங்கள்ல பாதிப் பேர் இந்நேரம் யோசிச்சிருப்பீங்க: கொசு பேட்! ஆமா, கொசு பேட்டைப் பிரிச்சு, வலைக்குப் பதிலா டீ வடிகட்டி மாட்டி, இதைச் செய்றவங்க உலகம் பூரா இருக்காங்க. வேலை செய்யும். ஆனா அதுல வர்றது சில ஆயிரம் வோல்ட்தான், அதனால பசைக்கு ரொம்பப் பக்கத்துல பிடிக்கணும், நீள இழைக்குப் பத்தாது. அதைவிட முக்கியம், உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் ஸ்விட்ச் அணைச்ச பிறகும் சார்ஜைப் பிடிச்சு வெச்சிருக்கும். ரெசிஸ்டர் வெச்சு அதை வடியவிடாம உள்ளே கை வைக்காதீங்க. ‘நான் ஈஈஈ, எனக்குத் தெரியும்’னு சொல்றவங்களுக்கும் சேர்த்துதான்.

இப்போ சண்டைக்கு வருவோம்.

மெஷினுக்குப் புல்லைப் பத்தி ஒண்ணும் தெரியாது, மின்புலம் மட்டும்தான் தெரியும். சரிவான மண்மேட்டுல ஸ்டேட்டிக் கிராஸ் போட்டுப் பாருங்க. ஈரப் பசை கடத்தி மாதிரி நடந்துக்கும், கடத்தியோட பரப்புக்கு மின்புலக் கோடு செங்குத்தாத்தான் வரும். அதனால புல்லும் சரிவுக்குச் செங்குத்தா, பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு நிக்கும், முள்ளம்பன்றி முதுகு மாதிரி. நிஜப் புல் எந்தச் சரிவுல முளைச்சாலும் வானத்தைப் பார்த்துத்தான் வளரும். வளர்ந்து நீண்டதும் நுனி கனத்து வளையும், காத்தடிச்ச பக்கம் சாயும். இதை எந்த வோல்டேஜும் உங்களுக்குச் செஞ்சு தராது. பசை காயறதுக்குள்ள விரலாலயோ பிரஷ்ஷாலயோ தள்ளி விடணும்.

அடுத்தது நீளம். பிரிட்டன்ல அதிகம் பேர் செய்ற டபுள்-ஓ ஸ்கேல் 1:76. அதுல 2 மில்லிமீட்டர் இழைன்னா நிஜத்துல 15 சென்டிமீட்டர். 6 மில்லிமீட்டர்னா 45 சென்டிமீட்டருக்கு மேல, முழங்கால் உயரம். 12 மில்லிமீட்டர்னா 91 சென்டிமீட்டர், இடுப்பு வரைக்கும் வரும். ‘பெருசா இருந்தா நல்லா தெரியும்’னு வாங்கின 12 மில்லிமீட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு முன்னாடி போட்டா, அவர் வீட்டை விட்டு வெளியே வர அரிவாள் வேணும். இன்னும் சின்ன ஸ்கேல்ல இது மோசமாகும்: பிரிட்டிஷ் என் ஸ்கேல் 1:148, அங்கே 2 மில்லிமீட்டரே ஒரு அடி.

ஆனா சரியான நீளம் எதுன்னு ஸ்கேலை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. வருஷத்தையும் கேட்கணும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கு மேல மரியாதை வந்ததே இந்த இடத்துலதான்.

நீராவி இன்ஜின் ஓடின காலத்துல பிரிட்டிஷ் ரயில் பாதையோரம் மொட்டையா இருக்கும். காரணம் அழகுணர்ச்சி இல்ல, நெருப்பு. புகைபோக்கியிலிருந்து பறக்கிற கங்கு காஞ்ச புல்லுல விழுந்தா மண்மேடு பத்திக்கும், பக்கத்து வயலும் பத்திக்கும். அதனால ஒவ்வொரு துண்டுப் பாதைக்கும் ஒரு ஆள் கூட்டம் இருந்து, நீளப் பிடி அரிவாளால புல்லை அறுத்தாங்க, சில இடத்துல அவங்களே பார்த்துப் பார்த்து முன்கூட்டியே எரிச்சாங்க. 1968 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் ரயில்வே மெயின் லைன்ல நீராவியை நிறுத்தினாங்க. கங்கு நின்னுச்சு, அறுக்க ஆளும் குறைஞ்சாங்க. அதுக்கப்புறம் புல் உயர்ந்துச்சு, முள்புதர் வந்துச்சு, மரமே வந்துச்சு. இப்போ நீங்க பார்க்கிற இங்கிலாந்து ரயில் வீடியோவுல ரெண்டு பக்கமும் பச்சைச் சுவர் தெரியுதே, அது டீசலும் கரண்டும் வளர்த்த காடு. 1935-ஐக் காட்டுற லேஅவுட்ல நீராவி இன்ஜினுக்குப் பக்கத்துல இடுப்பு உயரப் புல் போட்டா, இன்ஜினோட நம்பரும் பெயின்ட்டும் அச்சு அசல் சரியா இருந்தும் படம் பொய்.

இன்னொண்ணு கேளுங்க. தென் இங்கிலாந்துல சுண்ணாம்புக் குன்றுகள் உண்டு. அங்கே புல் கம்பளம் மாதிரி ஒட்ட இருக்கும், ஏன்னா ஆடும் முயலும் சேர்ந்து மேய்ஞ்சுது. 1953-ல மிக்ஸோமடோசிஸ்ங்கிற வைரஸ் நோய் பிரிட்டனுக்குள்ள வந்துச்சு. ரெண்டு மூணு வருஷத்துல நாட்டுல இருந்த முயல்ல கிட்டத்தட்ட 99 சதவீதம் செத்துச்சு. மேய ஆளில்லாம குன்றுப் புல் நீண்டுச்சு, புதர் ஏறுச்சு. அப்போ, அந்தக் குன்றடியில ஓடுற ரயிலை மாடல் செய்றவர் 1950-க்கு 1 மில்லிமீட்டரும் 1958-க்கு 4 மில்லிமீட்டரும் போடணும். ஒரு முயல் நோய் உங்க ஷாப்பிங் லிஸ்ட்டை மாத்துது!

நிறமும் அப்படித்தான். தண்டவாளத்து ஓரக் கரிச்சல்லியில மஞ்சளா ஒரு பூ பூக்கும், ஆக்ஸ்ஃபோர்ட் ராக்வொர்ட். சிசிலி எரிமலைச் சரிவுச் செடி வழி வந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் தாவரவியல் தோட்டத்துச் சுவர் தாண்டித் தப்பிச்சு, ஸ்டேஷனை எட்டி, எரிமலைக் கல் மாதிரியே இருந்த ரயில் கரிச்சல்லியில சொந்த ஊர்னு நினைச்சு வேர் விட்டுச்சு. ரயில் போற காத்துல விதை இழுபட்டு நாடு பூரா பரவிச்சு. ஊசி முனை மஞ்சள் பெயின்ட் நாலு இடத்துல வெச்சா அந்தக் கதை லேஅவுட்டுக்குள்ள வந்துடும். வயல்வெளியும் பாருங்க: 1930-கள்லேர்ந்து இங்கிலாந்து, வேல்ஸ் பூப்புல்வெளிகள்ல 97 சதவீதம் போயிடுச்சுன்னு சொல்றாங்க. இன்னைக்குத் தெரியிற ஒரே சீரான பச்சை, உரமும் உழவும் கொண்டு வந்தது. அதைக் கொண்டு போய் 1930 லேஅவுட்ல பூசுறாங்க.

ஆக்ஸ்ஃபோர்ட்ஷையர்ல லாங் விட்டன்ஹாம் கிராமத்துல பென்டன்னு ஒரு மியூசியம் இருக்கு. ராய் இங்லண்ட்னு ஒருத்தர் (பேரே அதான்) 1925-ல ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். பழைய கிராமங்கள் கண் முன்னாடியே உருமாறுறதைப் பார்த்து, அதை அளந்து அளந்து 1:76-ல பதிவு பண்ண ஆரம்பிச்சார். 1920, 30-களோட கிராமப்புறம் அங்கே குடிசை குடிசையா, வேலி வேலியா எழுந்துச்சு. அவர் போன பிறகும் தன்னார்வலர்கள் கட்டிக்கிட்டே இருக்காங்க. அங்கே ரயில் ஒரு சாக்கு, ஊர்தான் விஷயம்.

‘மச்சி, இதையெல்லாம் யார் கவனிக்கப் போறா? வெட்டி வேலை’னு ஒரு குரல் கேக்குது. ஹாஸ்டல்ல தினமும் கேக்குற குரல்தான். பார்க்கிறவருக்கு முயல் கதை தெரிய வேண்டாம். ஆனா தப்பா இருந்தா ‘என்னமோ பொம்மை மாதிரி இருக்கே’ன்னு அவர் கண்ணுக்குத் தெரிஞ்சிடும், காரணம் சொல்லத் தெரியாது அவ்வளவுதான். கேம் டிசைன் பண்ற நண்பர்கள்கிட்ட கேளுங்க. ஒரே புல்லை நூறு தடவை காப்பி பண்ணிப் பரப்பின மைதானம் எவ்வளவு ரெசல்யூஷன்ல இருந்தாலும் செத்த மாதிரி இருக்கும்.

வெட்டி வேலைங்கிறதுக்கும் பதில் இருக்கு. நம்ம மினி புராஜெக்ட் எப்படி நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். முதல்ல போர்டு வாங்குவோம், சென்சார் வாங்குவோம், அப்புறம் இதுக்கு என்ன பிராப்ளம் பொருந்தும்னு தேடுவோம். ஸ்டேட்டிக் கிராஸ் உலகத்துலயும் அதே வியாதி: முதல்ல மெஷின், மெஷினுக்கு ஏத்த பச்சை, கடைசியில ‘இது எந்த ஊர்?’ பென்டன்காரங்க ஊரை அளந்துட்டு அப்புறம் பசையைத் தொட்டாங்க. எது வெட்டி வேலைன்னு நீங்களே சொல்லுங்க.

செய்முறையை நீட்ட வேண்டாம். ஒரே பாக்கெட்டை ஒரே தடவையில கொட்டாதீங்க, அதுதான் சாரம். முதல்ல 2 மில்லிமீட்டர், பச்சை இல்லாம மங்கின வைக்கோல் நிறத்துல. எந்தப் புல்வெளியையும் விலக்கிப் பாருங்க, அடியில காஞ்சது கிடக்கும். அது காய்ஞ்சதும் அங்கங்கே பசையை ஸ்ப்ரே பண்ணி 4 மில்லிமீட்டர், ரெண்டு மூணு பச்சை கலந்தது. வேலி ஓரம், கம்பத்தடி, ஆடு வாய் எட்டாத மூலைல மட்டும் 6. நடைபாதை தேயுற இடத்துல மண்ணு தெரியட்டும். ஒட்டாத இழையை வேக்கூம் கிளீனர் வாயில பழைய சாக்ஸைக் கட்டி உறிஞ்சிட்டா திரும்ப உபயோகிக்கலாம். விலைக்கு அது முக்கியம். பாக்கெட் மேல ‘ஸ்பிரிங்’, ‘சம்மர்’னு எழுதியிருக்கிறதை வேதவாக்கா எடுக்காதீங்க. அது ஐரோப்பாவோட வசந்தம், அதுவும் விளம்பரத்துல வர்ற வசந்தம்.

அதனாலதான், யாராவது நம்ம ஊர்ப் பாதையை மாடல் பண்ணணும்னு கிளம்பினா கடையில ரெடிமேடா நிறம் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை முடிஞ்ச டிசம்பர்ல பாதையோரம் ஒரு பச்சை. மே மாசத்துல அதே இடம் செம்மண்ணும் சருகும், நடுவுல வாடாத சீமைக்கருவேலம் மட்டும். அருகு தரையோட படரும், கோரை தண்ணி நிக்குற பள்ளத்துல கொத்துக் கொத்தா எழும்பும். ரெண்டுக்கும் ஒரே இழை பத்தாது. பொங்கலுக்கு ஊருக்குப் போற ரயில்ல ஜன்னல் சீட் கிடைச்சா, உள்ளே உட்கார்ந்தபடியே நாலு போட்டோ எடுங்க. செமஸ்டர் லீவுல அதே ரயில்ல திரும்ப எடுங்க. எந்த ஸ்டேஷனுக்கு எந்த ஸ்டேஷன் நடுவுல, எந்தத் தேதின்னு குறிச்சு வைங்க. மெஷினை அப்புறம் பார்த்துக்கலாம், என்கிட்ட ஒரு வடிகட்டி உபரியா இருக்கு.